தடுத்த கோலுக்குக் கணக்கு உண்டா?

கோல் போட்டவனை ஊர் தோளில் தூக்கும். கோலைத் தடுத்தவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். கால்பந்தாட்டத்தில் இது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. முன்களத்தில் ஆடுபவருக்குக் கோல் கணக்கு இருக்கிறது. பின்களத்தில் நிற்பவர் தம் வேலையைச் சரியாகச் செய்தால் அங்கே ஒன்றுமே நடப்பதில்லை. நடக்காததை யார் எழுதி வைப்பார்கள்?

பெங்களூர் தந்த சிறந்த பின்கள ஆட்டக்காரர்களில் ஒருவரான இலியாஸ் பாஷா, நீண்ட நாள் நோய்வாய்ப்பட்டு, 2025 ஜனவரியில் தம் 61-ஆவது வயதில் காலமானார். கால்பந்து சம்மேளனம் இரங்கல் தெரிவித்தது. கல்கத்தாவின் பழைய ரசிகர்கள் கண் கலங்கினர். ஆனால் அவர் பிறந்து வளர்ந்த இந்த நகரத்தில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரிந்திருக்கும்?

விநாயகா கழகத்தில் தொடங்கி, ஐ.டி.ஐ. அணி வழியாக வளர்ந்தவர் பாஷா. 1987 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடந்த நேரு கோப்பைப் போட்டியில், பல்கேரியாவுக்கு எதிராக முதன்முதலாக இந்தியாவுக்காக ஆடினார். 1989-ல் கல்கத்தா சென்று முகமதன் ஸ்போர்ட்டிங்கில் சேர்ந்தார். மறு ஆண்டு ஈஸ்ட் பெங்கால் அவரை அழைத்துக்கொண்டது. ஐ.எப்.ஏ. ஷீல்டு, டூரண்ட், ரோவர்ஸ் ஆகிய மூன்று கோப்பைகளையும் அந்தக் கிளப் ஒருசேர வென்ற ஆண்டு அது.

1993-ல் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. நேபாளத்தில் வாய்வாய் கோப்பையை வென்று வந்ததும், ஆசியக் கோப்பை வெற்றியாளர் போட்டியில் ஈராக்கின் அல் சவ்ரா அணியை 6-2 என்று வீழ்த்தியதும் அந்தக் காலத்தில்தான். அன்று மூன்று கோல் போட்டவர் கார்ல்டன் சாப்மன். அவரும் பெங்களூர்ப் பிள்ளையே. 2020-ல் 49 வயதிலேயே மறைந்துவிட்டார்.

இந்த நகரத்துக்குக் கால்பந்து புதிதல்ல. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலைப் போட்ட சாரங்கபாணி ராமன் இவ்வூர்க்காரர்தான். தமிழர் நிறைந்த அல்சூர் கௌதமபுரத்தில் அம்பேத்கர் சிலையோடு பீலே சிலையும் நிற்கிறது. இத்தகைய பேட்டைகளிலிருந்து புறப்பட்ட பிள்ளைகளுக்கு முன்னால் அன்று இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பொதுத்துறைத் தொழிற்சாலை அணியில் சேர்ந்து, ஆட்டத்தோடு நிரந்தர வேலையையும் தேடிக்கொள்வது. மற்றொன்று, கல்கத்தாவுக்கு ரயில் ஏறுவது. கல்கத்தா பெயரும் புகழும் தரும், ஓய்வூதியம் தராது. தேசிய லீக் தொடங்கியது 1996-ல், ஐ.எஸ்.எல். வந்தது 2014-ல். இன்றைய ஆட்டக்காரர் காணும் பணத்தைப் பாஷாவின் தலைமுறை கனவிலும் கண்டதில்லை.

ஆட்டத்தை விட்டபின் பாஷா பெங்களூர் திரும்பி, விளம்பர வெளிச்சம் படாமல் வாழ்ந்தார். 2012-ல் ஈஸ்ட் பெங்கால் கிளப் அவருக்கு வாழ்நாள் சாதனை விருது வழங்கியது. நன்றி மறவாத செயல்; பாராட்ட வேண்டியதே. ஆனால் விருது என்பது ஒரு மாலைப் பொழுதோடு முடிந்துவிடும். முதுமையும் நோயும் அப்படியா?

மத்திய அரசிடம் விளையாட்டு வீரர்களுக்கான ஓய்வூதியத் திட்டம் ஒன்று உண்டு. ஒலிம்பிக், ஆசியப் போட்டி, காமன்வெல்த் போட்டி, உலகப் போட்டி ஆகியவற்றில் பதக்கம் பெற்றவர்களுக்கே அது. ஆசியப் போட்டியில் இந்தியக் கால்பந்து அணி கடைசியாகப் பதக்கம் பெற்றது 1970-ல். அப்படியானால் அதற்குப் பின் நாட்டுக்காக ஆடிய கால்பந்து வீரர் எவருக்கும் அந்தக் கதவு திறக்காது. எட்டு சர்வதேச ஆட்டங்களில் இந்தியச் சட்டை அணிந்த பாஷாவும் இந்த அளவுகோலில் தேறமாட்டார். வறுமையில் வாடும் வீரர்களுக்கு உதவும் நல நிதி இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அது விண்ணப்பம் போட்டு, வறுமையை நிரூபித்துப் பெறுவது. உரிமை வேறு, உதவி வேறு.

கிரிக்கெட் வாரியம் இதற்கு வழி காட்டியிருக்கிறது. பதக்கம் கேட்காமல், ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பார்த்து, முன்னாள் வீரர்களுக்கு மாதந்தோறும் பணம் தருகிறது. ரூ.15,000 பெற்று வந்த முதல்தர ஆட்டக்காரர்களுக்கு 2022-ல் அது ரூ.30,000 ஆயிற்று. கிரிக்கெட்டிடம் பணம் கொழிக்கிறது, கால்பந்திடம் இல்லை என்பது உண்மைதான். அதற்காகச் சிறிதும் செய்யாமல் இருப்பது நியாயமாகுமா? முன்னாள் மல்யுத்த வீரர்களுக்குக் கர்நாடக அரசு மாத உதவித்தொகை வழங்கி வருகிறது. பயில்வானுக்குச் செய்ததைப் பந்தாட்டக்காரருக்கும் செய்வதில் என்ன தடை?

செய்ய வேண்டியவை எளியவை. இந்தியாவுக்கும் மாநிலத்துக்கும் ஆடியவர்களின் பட்டியலைக் கால்பந்துச் சங்கம் முறையாகத் தயாரிக்க வேண்டும். ஆடிய ஆண்டுகளைக் கணக்கிட்டு மாநில அரசு மாதத் தொகை வழங்க வேண்டும். மருத்துவச் செலவுக்குச் சம்மேளனமும் பெரிய கிளப்புகளும் சேர்ந்து நிதி திரட்ட வேண்டும். இன்றைய லீக் வருமானத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினால் நல்ல தொடக்கமாகும்.

பதக்கத்தை மட்டும் எண்ணும் அரசும், கோலை மட்டும் எண்ணும் ரசிகனும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். பாஷாவுக்கு இனி எதுவும் செய்ய இயலாது. அவரோடு ஆடியவர்கள் இந்த நகரத்தின் சந்துகளில் இன்னும் இருக்கிறார்கள். இரங்கல் செய்தி எழுதும் நாள் வருமுன் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவதே கால்பந்துக்குச் செய்யும் மரியாதை.