முகவரி எழுதித் தந்தால் போதுமா?

குடிநோய்ச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவரின் டிஸ்சார்ஜ் சீட்டில் ‘ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குச் செல்லவும்’ என்று ஒரு வரி எழுதுவது நம் துறையில் வழக்கமாகிவிட்டது. ராஜபாளையத்து நூற்பாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவரோ, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் தறி ஓட்டுபவரோ அந்தச் சீட்டோடு ஊர் போய்ச் சேருகிறார். கூட்டம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்தக் கட்டடத்தில், உள்ளே போய் யாரைக் கேட்பது என்று அவருக்குத் தெரியாது. டாஸ்மாக் கடைக்கு மட்டும் அவர் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. கைநடுக்கம் நின்று சில நாட்களே ஆன ஒருவரிடம், நாம் செய்யத் தவறிய தேடலை ஒப்படைத்துவிட்டு, அவர் போகாதபோது ‘மனஉறுதி இல்லை’ என்று கோப்பில் குறித்துவைக்கிறோம். அவர் முதல் கூட்டத்தில் போய் உட்காரும்வரை அது சிகிச்சையின் பகுதி, நம் பொறுப்பு என்பதே இந்த இதழில் நாம் வலியுறுத்த விரும்புவது.

இதற்கு 1981-லேயே சான்று கிடைத்துவிட்டது. சிசனும் மாலம்ஸும் அமெரிக்காவில் நடத்திய சிறிய ஆய்வில் 20 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்குக் கூட்டம் பற்றிய விவரமும் ஊக்கமும் வழக்கம்போல் தரப்பட்டன. மற்றப் பிரிவில் ஆலோசகர் நோயாளியை எதிரே வைத்துக்கொண்டே ஏ.ஏ. உறுப்பினர் ஒருவருக்குப் போன் செய்து இருவரையும் பேசவைத்தார். கூட்டத்துக்கு அழைத்துப் போவதாக அந்த உறுப்பினர் முன்வந்தார். முதல் பிரிவில் ஒருவரும் கூட்டத்துக்குப் போகவில்லை. இரண்டாம் பிரிவில் அத்தனை பேரும் போனார்கள். 20 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் தொகுத்துப் பார்த்த 2020-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வும் இதே திசையையே காட்டுகிறது. நோயாளியை ஏ.ஏ.வோடு இணைப்பதையே நோக்கமாகக் கொண்டு, வகுத்த முறைப்படி தரப்பட்ட சிகிச்சையைப் பெற்றவர்களில் 42 சதவீதம் பேர் ஓராண்டு முடிவில் முழுமையாகக் குடிக்காமல் இருந்தார்கள். பிற சிகிச்சைகளில் அது 35 சதவீதம். வாயால் சொன்ன அறிவுரைக்குக் கிடைத்த பலன் அல்ல இது. இணைப்பையே சிகிச்சையாகச் செய்ததன் பலன்.

‘இங்கே நோயாளிகளைப் பார்க்கவே நேரம் போதவில்லை’ என்பது முதல் மறுப்பு. அதில் நியாயம் உண்டு. நாட்டில் மதுச் சார்பு உள்ளவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாக 2019-இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வு சொல்கிறது. அப்படிக் கைக்கு வந்து சேர்ந்த அந்த ஒருவரைப் பத்து நிமிடப் போன் பேச்சு இல்லாமல் நழுவவிடுவதுதான் பெரிய விரயம். ‘சின்ன ஊர், யாராவது பார்த்துவிடுவார்கள்’ என்பது இரண்டாவது மறுப்பு. இந்த அச்சத்தை நோயாளியின் சாக்கு என்று தள்ளக் கூடாது. கூட்டத்தைத் தேர்வதிலேயே அதற்கு இடம் கொடுக்க வேண்டும். இரண்டு ஊர்களும் மதுரை–தென்காசி சாலையில் அடுத்தடுத்து இருக்கின்றன. ராஜபாளையத்துக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கமும், அங்குள்ளவர் இங்கும் கூட்டம் தேடலாம். பஸ் வசதிக்குக் குறைவில்லை. ‘அது சாமி கும்பிடும் கூட்டம், எல்லாருக்கும் ஒத்துவராது’ என்கிறார்கள் வேறு சிலர். ஏ.ஏ. கேட்பது குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றைத்தான். இறைவன் என்பதை அவரவர் புரிதலுக்கே அது விட்டுவிடுகிறது. அப்படியும் ஒத்துவராதவரை வற்புறுத்த வேண்டாம். மருந்தும் தனி ஆலோசனையும் அவருக்குத் தொடரட்டும். எவருக்குமே கூட்டம் மருத்துவத்துக்கு மாற்றாகாது. குடியைத் திடீரென நிறுத்தும்போது வலிப்போ மனக்குழப்பமோ வரக்கூடியவரை முதலில் மருத்துவமனையில்தான் சேர்க்க வேண்டும்.

ஆகவே இரு ஊர்களிலும் பணியாற்றும் மருத்துவர்களும் ஆலோசகர்களும் மறுவாழ்வு மையங்களும் சேர்ந்து ஒரே பட்டியலைப் பராமரிக்க வேண்டும். கிழமை, நேரம், இடம், அனைவரும் வரக்கூடிய திறந்த கூட்டமா உறுப்பினர்களுக்கு மட்டுமா, இரவு ஷிப்ட்காரருக்கு ஒத்துவருமா, பெண்கள் தயங்காமல் வர இயலுமா, குடும்பத்தாருக்கான அல்-அனான் எங்கே என்பனவெல்லாம் அதில் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாராவது நேரில் போய்ச் சரிபார்க்காத பட்டியல், பூட்டிய கதவின் முன் நோயாளியைக் கொண்டுபோய் நிறுத்திவிடும். திறந்த கூட்டத்தில் ஒருமுறையேனும் உட்கார்ந்து பார்க்காத ஆலோசகர், அங்கே என்ன நடக்கும் என்று நோயாளிக்கு எப்படிச் சொல்வார்? டிஸ்சார்ஜுக்கு முன்பே, நோயாளியின் சம்மதத்தோடு, அழைத்துப்போக இசைந்த உறுப்பினரிடம் அவரைப் பேசவைக்க வேண்டும். மறுவாரம் ‘போனீர்களா?’ என்று நாமே கேட்க வேண்டும். போகவில்லை என்றால் கடிந்துகொள்ளாமல் இன்னொரு நாள் குறிக்க வேண்டும்.

1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகர ஹோட்டல் ஒன்றில், மறுபடி குடித்துவிடுவோமோ என்ற பயத்தில் பில் வில்சன் தேடியது தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியை. முன்பின் தெரியாதவர்களுக்கு வரிசையாகப் போன் செய்து, அவர்களில் ஒருவர் வழியாகவே டாக்டர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். அந்த இருவரிடமிருந்தே ஏ.ஏ. வளர்ந்தது. முன்பின் தெரியாத ஒருவர் அன்று பில்லுக்குச் செய்த உதவியைத்தான் இன்று நம் நோயாளிக்கு நாம் செய்ய வேண்டியிருக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் அந்த வரியை எழுதும் முன், போனைக் கையில் எடுப்போம்.