ஒரே ஒரு ஸ்பானிஷ் சொல்... 7.1 கோடி டாலர் தவறு! 'இன்டாக்ஸிகாதோ' சொல்லித்தரும் பாடம் என்ன?

"சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கல டாக்டர்." ஒரு குடும்பம் சொல்ல வந்தது இதுதான். மருத்துவர் புரிந்துகொண்டதோ, "பையன் போதையில இருக்கான்."

நடுவில் இருந்தது ஒரே ஒரு ஸ்பானிஷ் பெயரடை: 'இன்டாக்ஸிகாதோ'. மருத்துவ மொழிபெயர்ப்பு பற்றிப் பேசுபவர்கள் இன்றைக்கும் உதாரணமாகச் சொல்லும் சம்பவம் இது.

அப்படி என்ன நடந்தது?

1980 ஜனவரி. அமெரிக்காவின் தெற்கு ஃப்ளோரிடா. கியூபா வம்சாவளியைச் சேர்ந்த 18 வயது இளைஞர் ஒருவருக்குத் திடீரெனக் கடுமையான தலைவலி. சற்று நேரத்தில் நினைவிழந்துவிட்டார். அன்று சாப்பிட்ட ஹாம்பர்கர்தான் காரணமாக இருக்கும் என்று குடும்பத்தினர் நினைத்தார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் 'இன்டாக்ஸிகாதோ' என்ற சொல் பேச்சில் வந்தது. அது ஆங்கிலத்தில் 'இன்டாக்ஸிகேட்டட்' ஆனது.

அளவுக்கு மீறி போதை மருந்து எடுத்தவர் என்ற முடிவோடு சிகிச்சை தொடங்கியது. உண்மையில் அவருக்கு மூளையில் ரத்தக்கசிவு. அது தெரியவரும்போது 2 நாட்களுக்கு மேல் ஆகியிருந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் கை, கால் நான்கும் செயலிழந்துவிட்டன. வழக்கு சமரசத்தில் முடிந்தபோது, அவருடைய ஆயுட்காலத்துக்குமான இழப்பீடு சுமார் 7.1 கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது.

ஒரே வேர், ரெண்டு பாதை

இரண்டு சொற்களுமே 'விஷம்' எனப் பொருள்படும் லத்தீன் சொல்லில் இருந்து வந்தவை. ஆங்கிலம் காலப்போக்கில் பொருளைச் சுருக்கிக்கொண்டது. இன்று அன்றாடப் பேச்சில் 'இன்டாக்ஸிகேட்டட்' என்றால் குடிபோதை, இல்லையென்றால் போதை மருந்து. ஸ்பானிஷ் அப்படிச் சுருக்கவில்லை. கெட்டுப்போன உணவு, விஷவாயு, ரசாயனம், மது என உடம்புக்குள் போய்க் கெடுதல் செய்யும் எதற்கும் இந்தச் சொல் பொருந்தும். கியூபா மக்களின் பேச்சு வழக்கில் முதலில் நினைவுக்கு வருவது, சாப்பிட்டது அல்லது குடித்தது ஒத்துக்கொள்ளாத நிலைதான்.

சரி, அப்போ ஆங்கிலத்தில் எப்படித்தான் சொல்வது? இங்கேதான் சிக்கல். 'பாய்ஸன்ட்' என்றால் யாரோ விஷம் வைத்த மாதிரி ஒலிக்கிறது. 'ஃபுட் பாய்ஸனிங்' என்றால் பொருள் கிட்டத்தட்ட வந்துவிடும், ஆனால் அது பெயர்ச்சொல். அதோடு, காரணம் உணவுதான் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். அத்தனை அர்த்தங்களையும் சுமக்கும் ஒற்றை ஆங்கிலப் பெயரடை கிடையாது. சூழலைக் கேட்காமல் எந்தச் சொல்லைப் போட்டாலும் அது ஊகம்தான்.

இந்தச் சொல் மட்டும் இல்லை. 'எம்பராஸாதா' என்பது கேட்க ஆங்கில 'எம்பாரஸ்ட்' மாதிரியே இருக்கும். பொருளோ, கர்ப்பமாக இருப்பவர். 'லிஸ்தோ' என்ற பெயரடையும் அப்படித்தான்: 'எஸ் லிஸ்தோ' என்றால் புத்திசாலி, 'எஸ்தா லிஸ்தோ' என்றால் தயார். பெயரடை அதேதான், முன்னால் வரும் வினைச்சொல் மாறினால் அர்த்தமே மாறிவிடுகிறது.

சரியா மொழிபெயர்த்திருந்தா காப்பாத்தியிருக்கலாமா?

நேர்மையாகச் சொன்னால், குடும்பத்தின் ஊகமும் தவறுதான். அது உணவுக் கோளாறே இல்லை. சரியான சொல் மட்டும் நோயைக் கண்டுபிடித்திருக்காது. ஆனால் "போதை" என்ற சொல் கேள்விகளை நிறுத்திவிட்டது. விடை கிடைத்துவிட்டதாக எல்லோரும் நினைத்தார்கள். "என்ன சாப்பிட்டார், எப்போது தலைவலி ஆரம்பித்தது, இதற்கு முன் போதைப் பழக்கம் உண்டா?" என்று பொறுமையாகக் கேட்க ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளர் இருந்திருந்தால், அந்த முதல் முடிவு ஆட்டம் கண்டிருக்கும்.

ஏன் யாரும் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடவில்லை? புரியவில்லை என்று அங்கே யாருக்குமே தோன்றவில்லை. எனக்கு இந்தச் சம்பவத்தில் பயமாக இருப்பது இதுதான். சுத்தமாகப் புரியாத சொல் ஆபத்தில்லை, நின்று விசாரிப்போம். புரிந்த மாதிரி தெரிகிற சொல்தான் ஆபத்து.

தமிழில் யோசித்துப் பாருங்கள். "மருந்து குடிச்சிட்டான்" என்று ஒருவர் பதறியடித்து ஓடிவந்தால், நமக்கு உடனே புரியும், அது பூச்சிமருந்து என்று. தமிழ் அரைகுறையாகத் தெரிந்த மருத்துவருக்கு? "மருந்துதானே, நல்லது" என்று போய்விடலாம்.

இப்போதான் ஆப் இருக்கே?

இருக்கிறது. எங்கள் டெஸ்க்கிலேயே தினமும் அதை வைத்துத்தான் வேலை ஓடுகிறது. முன்பைவிட ரொம்பவே நன்றாக மொழிபெயர்க்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆப்புக்குக் கிடைப்பது நாம் கொடுக்கும் வாக்கியம் மட்டும்தான். கட்டிலில் கிடப்பவரின் முகமோ, அம்மாவின் பதற்றமோ, அவர்கள் எந்த ஊர் ஸ்பானிஷ் பேசுகிறார்கள் என்பதோ அதற்குத் தெரியாது. சந்தேகம் வந்தாலும் பெரும்பாலும் திருப்பிக் கேட்காது. தடுமாற்றமே இல்லாமல் ஒரு பதிலைத் தந்துவிடும்.

அமெரிக்கச் சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள், ஆங்கிலம் சரளமாக வராத நோயாளிகளுக்குத் தகுதியான மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும். 2024-ல் வந்த விதி இன்னும் ஒரு படி மேலே போனது. முக்கியமான ஆவணங்களுக்கு இயந்திர மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தினால், தகுதியான மனிதர் ஒருவர் அதைச் சரிபார்க்க வேண்டும்.

இதை வீண் செலவு என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு மொழிபெயர்ப்பாளரின் சில மணி நேரச் சம்பளத்தையும் 7.1 கோடி டாலரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். அந்த இளைஞர் இழந்ததை எந்தக் கணக்கிலும் வைக்க முடியாது.

நம்மால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நாளைக்கே யாருக்காவது மருத்துவமனையில், காவல் நிலையத்தில் மொழிபெயர்க்க வேண்டி வந்தால், பழக்கப்பட்ட மாதிரி ஒலிக்கும் சொல்லை அப்படியே தூக்கிக் கொடுக்காதீர்கள். "அப்படின்னா என்ன அர்த்தத்துல சொல்றீங்க?" என்று ஒரு தடவை கேளுங்கள். 1980-ல் அந்த அறையில் யாரும் கேட்காத கேள்வி அது.