அளவுகோல் நம் பிள்ளைகள் கைக்கும் வரட்டும்!

1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கியது இந்தியப் பெரும் முக்கோண அளவை. 1831இல் அதில் சேர்ந்த கல்கத்தாவின் ராதாநாத் சிக்தார் இருபது வயது நிரம்பாத இளைஞர். உலகின் மிக உயர்ந்த சிகரம் எதுவென்று காட்டியது அவர் போட்ட கணக்கு. சிகரத்துக்கு வைத்ததோ முன்னாள் அதிகாரி எவரெஸ்டின் பெயர்!

2024இல் தாராவிக் குடிசைகளை டிரோனும் லேசர் கருவியும் கொண்டு அளந்தார்கள். நம் குடும்பங்களின் வீட்டுக் கணக்கு அந்தப் படத்தின்மேல்தான் எழுதப்படுகிறது. அதைப் படித்துப் பிழை சுட்டிக்காட்ட நம்மில் எத்தனை பேர்?

1794இல் நில அளவைப் பள்ளியாகப் பிறந்த கிண்டிப் பொறியியல் கல்லூரியில் புவித்தகவலியல் பட்டப்படிப்பு உண்டு. கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளையைப் பத்தாவதோடு வேலைக்கு அனுப்பாதிருப்போம். ஆராய்ச்சி உதவித்தொகையை அரசு பெருக்கட்டும். படிப்புச் செலவுக்கு நம் சங்கம் தோள் கொடுக்கட்டும். நம் வாசலை நாமே அளப்போம்!