முறை பார்க்கும்போது இரத்தமும் பார்க்கலாம்

அத்தை மகனுக்கு மாமன் மகளையும், சில குடும்பங்களில் தாய்மாமனுக்கே அக்காள் மகளையும் விவாகம் செய்து வைப்பது, பச்சைமலை அடிவாரத்து உப்பிலியபுரம் முதல் காவிரிக்கரை வரை நம் ஜில்லாவில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் இரத்த உறவில் வாழ்க்கைப்பட்டவர்கள். இவ்வழக்கத்தை நிந்திப்பது என் நோக்கமன்று. ஆனால், முகூர்த்தம் குறிக்கக் கூடும் பெரியவர்கள், நாற்பது வயதுக்குள் மாரடைப்பால் மாண்டவர் அவ்வம்சத்தில் உண்டா என்பதை மட்டும் பேசாமல் விடுவது பெருந்தவறு என்பதே என் அபிப்பிராயம்.

அத்தகைய இளவயது மாரடைப்புக்கு ஒரு காரணமான, பரம்பரையாக வரும் மிகைக் கொழுப்பு, எண்ணெய்ப் பலகாரத்தால் விளைவதன்று, எல்.டி.எல். என்னும் கொழுப்பை இரத்தத்திலிருந்து ஈரல் ஈர்த்துக்கொள்ளும் சக்தி பிறவியிலேயே குன்றியிருப்பதால் விளைவது. இதன் காரணத்தை விளக்கிய விஞ்ஞானிகள் பிரௌன், கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர். உலகில் ஏறத்தாழ முந்நூறு பேரில் ஒருவருக்கு இக்குறை தாய் வழியிலோ தந்தை வழியிலோ வந்திருக்கிறது. தாய்மாமனுக்கு இது இருந்தால் அக்காள் மகளுக்கும் இருப்பதற்கு நான்கில் ஒரு பங்கு சாத்தியம்; அத்தை மகனுக்கு இருந்தால் மாமன் மகளுக்கு எட்டில் ஒரு பங்கு. இருவருக்கும் இருந்துவிட்டாலோ, பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் இருபுறத்துக் குறையையும் சேர்த்துச் சுமக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. அத்தகைய குழந்தைக்கு முழங்கையிலும் முழங்காலிலும் மஞ்சள் கட்டிகள் தோன்றும், சிகிச்சையில்லையேல் இருபது வயதுக்குள்ளேயே இருதயம் பழுதாகிவிடும்.

விவாகத்துக்கு முன் சோதிப்பது புதிதன்று; தலசீமியா என்னும் பரம்பரை இரத்தசோகைக்காகச் சைப்ரஸ் தீவில் விவாகத்துக்கு முன் இரத்தம் பார்க்கிறார்கள். அந்நோயில், ஒருபுறத்துக் குறை மட்டும் உடையவர் பெரும்பாலும் சுகமாகவே இருப்பார். சோதனை பிறக்கப்போகும் சந்ததிக்காக. மிகைக் கொழுப்பிலோ ஒருபுறத்துக் குறை மட்டும் உடையவரே ஆபத்தில் இருப்பவர். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை இளமையிலேயே தொடங்கினால் நெடுநாள் வாழக்கூடியவர். ஆகவே, சம்பந்தம் கூடினாலும் கூடாவிட்டாலும் மணமக்களின் எல்.டி.எல். சோதனை வீண்போகாது.

இச்சோதனையைச் சட்டத்தால் கட்டாயமாக்குவதை நான் ஏற்கமாட்டேன். பெண்ணைத் தட்டிக்கழிக்க இன்னொரு சாக்காக அது மாறிவிடும் என்ற அச்சம் நியாயமானது. மணமக்கள் இருவருக்கும் சமமாகச் சோதனை நடக்கட்டும். முடிவு அவர்கள் கைக்கே போகட்டும். நூறு மில்லி இரத்தத்தில் எல்.டி.எல். 190 மில்லிகிராமைத் தாண்டினால், தைராய்டு முதலிய பிற காரணங்களை நீக்கியபின், மரபணுச் சோதனைக்குப் போகலாம். இவையெல்லாம் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே நடக்க வேண்டும். பத்திரிகை அச்சாகி மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்த பிறகு, எந்தத் தகப்பனாராலும் நிதானமாக யோசிக்க இயலாது.