பழைய 250 சிசி மோட்டார்: மைலேஜ் மட்டும் பார்த்தால் போதுமா?

பூடி95 திட்டம் 2025 செப்டம்பர் 30-ஆம் தேதி, ஓட்டுநர் உரிமம் உள்ள மலேசியர்களுக்குத் திறக்கப்பட்டபோது ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட். ஜொகூரில் பழைய மோட்டார் தேடுவோர் அந்த விலையை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கூலாயிலிருந்து ஜொகூர் பாருவுக்கு வேலைக்குப் போய்வர ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மாதம் 25 நாள் என்றால் 1,500 கிலோமீட்டர். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்குச் செலவு 75 ரிங்கிட். 25 மட்டுமே ஓடும் வண்டிக்கு 120. வித்தியாசம் 45 ரிங்கிட்தான். தேய்ந்த செயினும் பின் டயரும் மாற்ற வேண்டி வந்தால் சில மாதச் சேமிப்பு ஒரே நாளில் போய்விடும்.

உரிமம்தான் பெரிய கேள்வி. பி2 உரிமம் 250 சிசியோடு நின்றுவிடுகிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று 373 சிசி டோமினாரை வாங்கினால் மேல்வகுப்பு உரிமம் வேண்டும். அது இல்லாமல் ஓட்டி விபத்தானால் காப்புறுதி இழப்பீடும் சிக்கலாகும். சாலை வரி 201 முதல் 250 சிசி வரை 50 ரிங்கிட், அதற்குமேல் 500 வரை 100.

தினமும் ஜொகூர் பாலத்தைக் கடப்பவர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நெரிசலில் ஊர்ந்து போகும்போது கனமான வண்டி கையையும் கிளட்சையும் சோதிக்கும். நெடுஞ்சாலையில் கிடைக்கும் மைலேஜ் அங்கே கிடைக்காது. அந்த வரிசையில் 150 சிசி வண்டிக்காரருக்குத்தான் நிம்மதி!

மீட்டர் காட்டும் கிலோமீட்டரை அப்படியே நம்பக்கூடாது. ஸ்ப்ராக்கெட் பல்லும் கால்மிதி ரப்பரும் உண்மையைச் சொல்லிவிடும். சம்மன் பாக்கி இருக்கிறதா என்று பார்த்து, ஜேபிஜேயில் பெயர் மாற்றிய பிறகே முழுப் பணத்தையும் கொடுப்பது நல்லது.