கோழிக்குக் கூட வெளிச்சம் கெடைக்குது சாமிகளா!

நாமக்கல் பக்கம் போயிருக்கீங்களா மக்களே? ஒரு பக்கம் கோழிப்பண்ணை, இன்னொரு பக்கம் ஹாஸ்டல் பள்ளிக்கூடம். எது எதுன்னு போர்டைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும். என் அக்கா பொண்ணுக்கு அந்த போர்டே தெரியல.

பத்தாவது படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் டிவிக்கு ரெண்டடியில் உட்கார்ந்து கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். "கிளாஸ்ல எப்படிடி எழுதறே?"ன்னு கேட்டேன். "பக்கத்துப் புள்ள நோட்டைப் பாத்து எழுதிக்குவேன் மாமா"ங்கறா! சேலத்தில் சோதிச்சா மைனஸ் மூணரை. வார்டன்கிட்ட சொன்னா, "படிக்கிற புள்ளைக்குக் கண்ணாடி வரத்தானுங்க செய்யும்"ங்கறார்.

இந்தப் பேச்சைத்தான் என்னால ஒத்துக்க முடியல. கிட்டப்பார்வைன்னா விழி முன்பின்னாக நீண்டுபோறது. நீண்டது திரும்பச் சுருங்காது. கேரட் தின்னாலும் சரி, கண்ணாடியைக் கழட்டி வச்சாலும் சரி. மைனஸ் ஏற ஏற, பிற்காலத்தில் விழித்திரை கிழிஞ்சு விலகுற ஆபத்தும் ஏறும்.

பகல் வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமைன் சுரந்து, அந்த நீட்சியை அடக்குதுன்னு ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறாங்க. வெளிச்சத்தோட மகிமையைச் சோதிச்சுப் பார்த்ததில் பெரும்பங்கு யாரை வச்சு தெரியுமா? கோழிக்குஞ்சுகளை வச்சு! நம்ம ஊருக்கு இதைவிட நல்லா யார் எடுத்துச் சொல்றது?

சீனாவில் குவாங்சோ நகரத்தில் ஒண்ணாங்கிளாஸ் பசங்களுக்குத் தினம் 40 நிமிஷம் கூடுதலாக வெளியே வகுப்பு வச்சாங்க. 2015-ல் முடிவு வெளிவந்தது. மூணு வருசத்தில் புதுசாகக் கிட்டப்பார்வை வந்தது அவங்களில் 30.4 சதவீதம், மத்தவங்களில் 39.5. தைவான் 2010-லிருந்தே தினம் ரெண்டு மணி நேரம் வெளியே அனுப்பச் சொல்லுது.

"அப்பா அம்மாவுக்கு இருந்தா வரும்"பீங்க. வரலாம். ஆனா ஒரே தலைமுறையில் இத்தனை பசங்க மூக்கில் கண்ணாடி ஏறினதுக்கு ஜீன் மட்டும் காரணமா இருக்க முடியாதுங்க.

40 நிமிஷம்னா ஒரு பி.டி. பீரியட். அதையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்குறார், திருப்பித் தர்றதே இல்ல. ஞாயித்துக்கிழமை? டெஸ்ட்!

வந்ததைத் தடுக்கறதைவிட வராம தள்ளிப்போடத்தான் வெளிச்சம் அதிகம் உதவும். அதனால சின்ன வகுப்பிலேயே ஆரம்பிக்கணும். வருசம் ஒரு தடவை கண் பரிசோதனையும் வேணும்.

இவளை ஆறாவதில் கொண்டுபோய்ச் சேர்த்தது நான்தான். அன்னிக்கு எத்தனை பேர் மெடிக்கல் போனாங்கன்னு கேட்டேன். புள்ளைங்க தினம் எத்தனை நேரம் வெளியே இருப்பாங்கன்னு கேக்கல. நீங்களாவது கேளுங்க.

டிஸ்கி: வெளியேன்னா உச்சி வெயில்ல நிறுத்தச் சொல்லல. வேப்பமர நிழலே போதும்.