மறதிக்காரரின் வாயையும் பாருங்கள்



லேசான மறதி உள்ள முதியோர் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரை பயனுள்ளது. ஆனால் உணவு, உறக்கம், நடைப்பயிற்சி என்று விரிவாகச் சொன்ன கட்டுரையாளர் பல், வாய் பராமரிப்பை அடியோடு விட்டுவிட்டாரே என்ற வருத்தம் எனக்கு.

என் மாமியாருக்கு லேசான அறிதிறன் குறைபாடு. சமையல், கோயில், வரவு செலவு எல்லாம் இன்றும் அவர் பொறுப்புதான். ஆனால் காலையில் பிரஷ்ஷில் பேஸ்ட்டை வைத்து, அப்படியே குழாயடியில் விட்டுவிட்டு வந்துவிடுவார். கேட்டால், "தேய்ச்சாச்சும்மா" என்பார். பிடித்த முறுக்கை ஒதுக்கினார். பிறகு சாதத்தைக் குழைத்துக் கேட்டார். விசேஷ வீடுகளுக்கு வர மறுத்தார். எல்லாவற்றுக்கும் மறதியே காரணம் என்றார்கள், மருத்துவமனையிலும்தான். கடைசியில் ஒரு பல் மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்தார். உடைந்த கடைவாய்ப்பல் கன்னத்தின் உட்புறத்தைக் கிழித்துப் புண்ணாக்கியிருந்தது. அதைச் சரிசெய்த பின் மறதி குறையவில்லை. ஆனால் சாப்பாடும் கலகலப்பும் திரும்பிவிட்டன.

ரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் சில மாத்திரைகள் வாயை உலரவைக்கும். எச்சில் குறைந்தால் சொத்தை வேகமாகப் பரவும். இரவில் பல்செட்டைக் கழற்றித் தண்ணீரில் போடக்கூட மறதி உள்ள முதியோருக்கு ஒருவர் நினைவூட்ட வேண்டும்.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அப்போதே முதியவர்களின் வாயையும் பார்த்து, தேவையானவர்களை அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு அனுப்ப சுகாதாரத்துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகி, கும்பகோணம்